குடிவந்த புதிதில் அக்கம்பக்கச் செய்தி: எங்கே கேட்பது, எப்படிச் சொல்வது

உலகத்தின் மறுகோடியில் ஓர் அரசு கவிழ்ந்தால் அது பத்து நிமிடத்தில் உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. நாளைக் காலை உங்கள் தெருவில் குழாய் மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள், மூன்றாவது வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் இருக்கிறார், முனையிலுள்ள தெருவிளக்கு நாலு நாளாக எரியவில்லை, இதெல்லாம் எந்தச் செய்தித்தாளிலும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தான் உண்டு. புறநகரில் அதுவும் தானாக நடப்பதில்லை. வேலை ஒரு திசையில், வீடு ஒரு திசையில், காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறோம், வண்டியை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குள் போய்விடுகிறோம். நாலு பேர் நின்று பேசும் இடமே பல குடியிருப்புகளில் கிடையாது. அதனால் புதிதாக வந்தவருக்குச் செய்தி எப்போதும் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது, சில நேரம் சேருவதே இல்லை. இது மாற வேண்டும் என்றால் முதல் சில வாரங்களில் நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் நடங்கள்

சாமான்களை அடுக்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குடியிருப்பை ஒரு சுற்று நடந்து வாருங்கள். இரண்டு வேளையும் ஏன் என்றால், காலையில் வெளியே இருப்பவர்கள் வேறு, மாலையில் இருப்பவர்கள் வேறு. அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது, மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் (சுவரில் கறை இருக்கும், பார்த்தாலே தெரியும்), எந்த விளக்கு எரியவில்லை, ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டுமென்றால் எந்த வழி அகலமானது என்று கவனியுங்கள். இன்னொன்றும் முக்கியம். பழைய குடியிருப்புகளில் மக்கள் ஓர் இடத்துக்குச் சொல்லும் பெயர் ஒன்று, வரைபடத்திலும் அரசுப் பதிவிலும் இருக்கும் பெயர் வேறொன்று. இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முதல் பெயரைச் சொன்னால் போதும், தீயணைப்பு வண்டியை அழைக்கும்போது இரண்டாவது பெயர்தான் உதவும்.

நடக்கும்போது ஆட்களைப் பாருங்கள். ஒரு குடியிருப்பில் யாருக்கு நிறையத் தெரியும்? தபால்காரர், குப்பை எடுப்பவர், வாயிற்காவலர், நாயை அழைத்துக்கொண்டு தினமும் நடப்பவர், பள்ளி வண்டிக்காகப் பிள்ளைகளோடு நிற்கும் பெற்றோர், ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள். இவர்களோடு ஆழ்ந்த நட்பு வேண்டியதில்லை. பார்த்தால் ஒரு வணக்கம், பேரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வது, அவ்வளவு போதும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். பாஸ்டன் நகரத்தின் புறநகர் ஒன்றில் வேலை மாறியவர்களிடம், அந்த வேலை பற்றிய தகவலைத் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒரு பங்கினர்தான் ‘அடிக்கடி பார்ப்பவர்’ என்றார்கள். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம்தான் தகவல் வந்திருக்கிறது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தலையசைத்துப் போகிறவருக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும். வேலைக்குச் சொன்னது தெருச் செய்திக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் வாட்ஸ்அப் குழு

எல்லாக் குடியிருப்புக்கும் ஒரு குழுவாவது இருக்கும், பல இடங்களில் நாலைந்து இருக்கும். எதில் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும், எதில் பேச்சு நடக்கும், எது பழைய சண்டையில் பிரிந்து போன குழு என்று ஒருவரிடம் கேட்டுவிட்டே சேருங்கள். சேர்ந்தவுடன் ஒரே ஒரு அறிமுகம்: பெயர், எந்தத் தெரு, எந்த விஷயத்தில் உங்களால் உதவ முடியும். முதலுதவி தெரியுமா, மின்வேலை தெரியுமா, பகலில் வீட்டில் இருப்பீர்களா, இதைச் சொன்னால் ஒரு நாள் யாருக்காவது பயன்படும். வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எப்போது வீடு பூட்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டாம்.

அதன்பின் இரண்டு வாரம் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள். பழைய செய்திகளில் ‘தண்ணீர்’, ‘மின்சாரம்’, ‘குப்பை’ என்று தேடிப் பாருங்கள், அந்த இடத்தின் முழு வரலாறும் அங்கே கிடைக்கும். எது அடிக்கடி கெட்டுப்போகிறது, யார் பொறுப்பாகப் பதில் சொல்கிறார், யார் சொன்னால் நம்பலாம் என்பதெல்லாம் உங்களுக்கே புரியும். சேர்வதற்கு முன் வந்த செய்திகள் பொதுவாக உங்கள் கைப்பேசியில் இருக்காது என்பதால், பழைய உறுப்பினர் ஒருவரோடு உட்கார்ந்து அவர் கைப்பேசியில் இப்படித் தேடிப் பாருங்கள், பேசிப் பழகவும் அது ஒரு வாய்ப்பு. சத்தம் தொல்லையாக இருந்தால் ஒலியை அணைத்து வையுங்கள். குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள்.

செய்தியை எழுதுவது

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ‘தண்ணி நிக்கப் போகுதாம், எல்லாரும் பிடிச்சு வச்சுக்கங்க’ என்று ஒரு செய்தி வருகிறது. எந்தத் தெருவில்? எப்போது? யார் சொன்னது? பத்து நிமிடத்தில் முப்பது கேள்விகள் வந்து விழும், மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள், கடைசியில் பாதிக் குடியிருப்பு தேவையில்லாமல் குடங்களை நிரப்பி வைத்திருக்கும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘தண்ணீர்: மார்ச் 12, புதன்கிழமை காலை 9 முதல் மாலை 4 வரை இரண்டாவது, மூன்றாவது குறுக்குத் தெருக்களில் வராது. முனையில் குழாய் மாற்றுகிறார்கள். வேலையை மேற்பார்க்கும் பொறியாளரிடம் நான் நேரில் கேட்டது. மற்ற தெருக்களுக்குப் பாதிப்பு இல்லை என்றார்.’

நாலைந்து வரிதான். ஆனால் யாரும் திருப்பிக் கேட்க ஒன்றும் இல்லை. முதல் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது, நாளைக்குத் தேடினாலும் கிடைக்கும். ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதாமல் தேதியும் கிழமையும் போட்டிருக்கிறது, ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு நீங்கள் எழுதும் ‘நாளை’யை மறுநாள் காலையில் படிப்பவர் அதற்கும் அடுத்த நாள் என்று எடுத்துக்கொள்வார். எப்படித் தெரிந்தது என்பது இருக்கிறது. யாருக்குப் பாதிப்பு இல்லை என்பதும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை, எனக்கு அதுதான் மிகவும் பிடித்த வரி, குடியிருப்பில் முக்கால்வாசிப் பேரை அது நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.

குரல்பதிவாக அனுப்பாதீர்கள். வேலையிடத்தில் இருப்பவர்களால் கேட்க முடியாது, காது மந்தமானவர்களுக்குப் பயன்படாது, பிறகு தேடினாலும் கிடைக்காது. தப்பாக எழுதிவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அந்த நேரம் தாண்டிவிட்டால் ‘திருத்தம்’ என்று தொடங்கிப் புதிதாக ஒன்று போடுங்கள், பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள், ஏற்கெனவே படித்தவர்கள் பழையதையே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அனுப்பும் முன் ஒரு கேள்வி

‘நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?’ ஒரு செய்தி உங்களிடம் வரும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். மரியாதையாகத்தான், சந்தேகப்படும் குரலில் இல்லாமல். பாதி வதந்திகள் இதிலேயே நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வாய்மொழிச் செய்தி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1940களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு படத்தை விவரித்து, அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு என்று சொல்லச் சொன்னபோது ஐந்தாறு வாய் மாறுவதற்குள் ஏறக்குறைய 70 சதவீத விவரங்கள் காணாமல் போயின. மிச்சம் இருந்ததும் கேட்பவரின் பயத்துக்கும் முன்முடிவுக்கும் ஏற்றபடி வளைந்துகொண்டது. விஷயம் எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறதோ, அவ்வளவுக்கு வதந்தி வளரும் என்றார்கள். திருட்டு, குழந்தை, நோய் இந்த மூன்றில் எது பற்றி வந்தாலும் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டியது அதனால்தான்.

2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில் பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவி, வழி கேட்டு நின்ற வெளியூர்க்காரர்களையும் ஒன்றும் அறியாதவர்களையும் கும்பல்கள் அடித்துக் கொன்றன. அந்தச் செய்திகளை அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்த நாட்டில் கட்டுப்படுத்தியது, 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் வந்தது. உங்களுக்கு வரும் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தது உங்கள் தெருச் செய்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. படத்தோடு வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், வேறு ஊரில் வேறு வருடத்தில் எடுத்தது என்று பல நேரம் உடனே தெரிந்துவிடும்.

எண்களை இன்னும் கவனியுங்கள். 1964 மார்ச்சில் நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டார். அக்கம்பக்கத்தார் 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று ஒரு நாளிதழ் எழுதியது. அந்த 38 உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. பிறகு விசாரித்தவர்கள் அந்தக் கணக்கு மிகைப்படுத்தியது என்று கண்டார்கள். தெளிவாகப் பார்த்தவர்கள் சிலரே, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து கடைசி நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்திருக்கிறார். செய்தியை வெளியிட்ட நாளிதழே 2016இல் தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை எழுதியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தெருவே கல்நெஞ்சக்காரர்களின் தெரு என்று பெயர் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதனால் ‘பத்துப் பதினைந்து வீட்டில் திருட்டு’ என்று எழுத வருகிறவர் எந்தெந்த வீடு என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். எண்ணத் தெரியாவிட்டால் எண்ணே வேண்டாம்.

குழுவில் போடக் கூடாதவை

ஒருவரைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது என்பதற்காக அவர் படத்தைப் போடாதீர்கள். அவர் செய்த செயலில் ஏதாவது தவறு இருந்தால் (பூட்டை ஆட்டிப் பார்த்தார், சுவர் ஏறினார்) காவல்துறைக்குச் சொல்லுங்கள். செயலே இல்லாமல் தோற்றம் மட்டும் இருந்தால் அது செய்தியே இல்லை. வந்தவர் பார்சல் கொண்டு வந்தவராக இருக்கலாம், யாரோ ஒருவரின் உறவினராக இருக்கலாம், உங்களைப் போலப் புதிதாகக் குடிவந்தவராகவும் இருக்கலாம்.

பிறர் வீட்டு மரணத்தையும் நோயையும் அந்தக் குடும்பம் சொல்வதற்கு முன்னால் சொல்லக் கூடாது. வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தந்தை இறந்ததைக் குடியிருப்புக் குழு தெரிவிக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். படங்களில் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும்.

குழந்தை காணவில்லை என்றால் முதல் அழைப்பு அவசர எண்ணுக்கு. குழுவுக்கு அடுத்தது. நாய் பூனை காணவில்லை என்றால் குழுதான் முதலில்: தெளிவான படம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், அழைத்தால் வருமா, பயப்படுமா. ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்துவிட்டது என்று யாராவது அழைத்தால் அதைக் கேட்டு உறுதி செய்யலாம். பணப்பை, நகை கிடைத்தால் எடுத்தவரும் இதையே செய்யலாம்.

இரைச்சல், வண்டி நிறுத்துவது, சுவர் ஓரம் குப்பை போன்ற பூசல்களுக்கு நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். இருநூறு பேர் முன்னால் பெயர் சொல்லப்பட்டவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

புகார் என்றால்

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதுவார், ‘ஆமாம்’, ‘எங்கள் பக்கமும்தான்’ என்று இருபது பதில் வரும், விளக்கு எரியாமலே இருக்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் அதற்குள் எல்லாரும் புகார் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே புகாரை நீங்களே பதிவு செய்யுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம் எடுங்கள், புகார் எண் கிடைத்ததும் அதைக் குழுவில் போடுங்கள். இத்தனாம் தேதிக்குள் நடக்காவிட்டால் மறுபடி நான் கேட்கிறேன் என்றும் எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர் இருந்தால் அது நகரும். புதிதாக வந்தவர் இப்படி ஒரு விளக்கை எரிய வைத்துவிட்டால் அவரை அந்தத் தெரு மறக்காது.

முடிந்தது என்று சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நாய் கிடைத்துவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்தவர் வீடு திரும்பிவிட்டார், அவர் குடும்பம் சொல்லச் சொன்னது. இந்த ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை. காணவில்லை என்று எழுதும்போது இருந்த பதற்றம் கிடைத்தவுடன் போய்விடுகிறது, கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆனால் அன்று இரவும் யாரோ ஒருவர் டார்ச் விளக்கோடு புதர்களில் உங்கள் பூனையைத் தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று முறை அப்படி ஏமாந்தால் அடுத்த தடவை அவர் வெளியே வர மாட்டார். பழைய செய்தியையே மேற்கோளாக எடுத்து அதன் கீழே முடிவை எழுதுங்கள், யார் உதவினார்கள் என்பதோடு. நன்றி சொல்லப்பட்டவரின் பெயர் குழுவில் இருப்பது நல்லது, புதியவர்கள் யாரை நாடலாம் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.

கைப்பேசி இல்லாதவர்கள்

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. தனியாக இருக்கும் முதியவர்கள், படிக்கத் தெரியாதவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், குழுவைப் பற்றியே கேள்விப்படாத வாடகைக்காரர்கள் எல்லாரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வயதானவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள், கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லாதவர்கள். அதே வருடம் ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் தாக்கியபோது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

ஆகவே உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் மூன்று வீடு, எதிரே மூன்று வீடு, அவ்வளவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குச் செய்தியை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரம் பல மணி நேரம் போனாலோ, கடும் வெயிலோ வெள்ளமோ வந்தாலோ அந்த வீடுகளின் கதவைத் தட்டுவது உங்கள் பொறுப்பு. அறிவிப்புப் பலகையில் முக்கியமானதைப் பெரிய எழுத்தில், தேதியோடு ஒட்டுங்கள். நாள் முடிந்த காகிதங்களை நீங்களே கிழித்துவிடுங்கள், பழைய காகிதம் நிறைந்த பலகையை யாரும் படிப்பதில்லை.

கடைசியாக ஒரு தாள். அவசர எண்கள், அருகிலுள்ள மருத்துவமனை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் புகார் எண், அந்த ஒன்பது வீடுகளில் சம்மதித்தவர்களின் தொலைபேசி எண்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய சரியான முகவரி. கையால் எழுதினாலும் போதும். ஒன்று கதவுக்குப் பின்னால், இன்னொன்று பணப்பையில். கைப்பேசியில் சார்ஜ் இல்லாத இரவில் இதுதான் வேண்டும். யாராவது வீடு மாறினால் அன்றே அந்தப் பெயரை அடித்துவிட்டு, அங்கே புதிதாக வருபவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.